கடைசி நான்கு நிமிடங்கள்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பிற்குரிய நண்பர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இந்தச் சமூக மன்ற அரங்கிற்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"வன்முறை மிகுந்த சுயாதீனத் திகில் படங்களுக்குத் திறனாய்வாளர்கள் அளித்துவந்த வரவேற்பு பொறுப்பான எச்சரிக்கையா, பொறுமையற்ற தீர்ப்பா?" என்பது இன்றைய தலைப்பு. பொறுமையற்ற தீர்ப்பே என்று வழக்காட வந்திருக்கிறேன். சுயாதீனப் படம் என்று நான் சொல்வது, பெரிய நிறுவனத்தின் பணமும் விளம்பரமும் பின்னால் இல்லாமல், சிலர் தம் சேமிப்பையும் நண்பர்களிடம் வாங்கிய கடனையும் போட்டு எடுக்கும் படத்தை.

எதிரணியின் முதற் பேச்சாளர் ஓர் அழகான உவமையை வைத்தார். ஈரச்சந்தையில் மீன் கெட்டுவிட்டதை முதலில் அறிவது மூக்கு. சமூகத்துக்கு அந்த மூக்காக இருப்பவர் திறனாய்வாளர். அவர் முகம் சுளித்தால் நாம் நன்றி சொல்லவேண்டும் என்றார். நான் தேக்கா சந்தையில் முப்பது ஆண்டுகளாக மீன் வாங்கிப் பழகியவன். மீன் பார்க்கத் தெரிந்தவர் மூக்கை மட்டும் நம்புவதில்லை. செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார், கண் குழிந்திருக்கிறதா என்று பார்க்கிறார், விரலால் சதையை அழுத்தி அது மீண்டு எழுகிறதா என்று பார்க்கிறார். சந்தை முழுவதும்தான் மீன் வாடை அடிக்கிறது. வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டவரிடம் எந்த மீன் நல்ல மீன் என்று கேட்டால் அவருக்கு என்ன தெரியும்? எங்கள் அணியின் குற்றச்சாட்டு இதுதான். இந்தப் படங்களைப் பற்றிய எத்தனையோ கட்டுரைகள் செவுளைத் தூக்கிப் பார்க்காமலே எழுதப்பட்டவை.

1968ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' என்ற கறுப்பு வெள்ளைப் படம் வெளியானது. அந்த ஊரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் அவருடைய நண்பர்களும் பணம் சேர்த்து, ஏறத்தாழ 114,000 டாலரில் எடுத்த படம் அது. இரத்தத்துக்குப் பதில் சாக்லேட் சிரப்பைப் பயன்படுத்தினார்கள். செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்கள் என்பது கதை. இந்தப் படத்தைப் பார்த்த 'வெரைட்டி' என்ற அமெரிக்கத் திரைத்துறை இதழ், படத்தைக் குறை கூறியதோடு நிற்கவில்லை. எடுத்தவர்கள், விநியோகித்தவர்கள், திரையிட்டவர்கள் ஆகிய அனைவருடைய நேர்மையையும் ஐயுற்று எழுதியது.

அந்தப் படத்தின் முடிவில் என்ன இருக்கிறது என்று சற்று அருகே சென்று பார்ப்போம். ஒரு பண்ணைவீட்டில் இரவு முழுவதும் பிணங்களோடு போராடிப் பிழைப்பவன் பென். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். விடிந்ததும் வெளியே நாய் குரைக்கும் ஒலியும் துப்பாக்கிச் சத்தமும் கேட்டு, உதவி வந்துவிட்டது என்று அவன் சன்னலோரம் வருகிறான். வந்திருப்பது உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரீப்பின் தலைமையில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம். அவனையும் பிணம் என்று கருதி நெற்றியில் சுட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு படம் ஓடுவதில்லை; செய்தித்தாளில் அச்சான நிழற்படங்களைப் போலப் புள்ளி புள்ளியாய்த் தெரியும் அசையாப் படங்கள் ஒவ்வொன்றாய் வருகின்றன. அவன் உடலை இழுக்க அந்த மனிதர்கள் கையில் இறைச்சிக் கொக்கிகள் வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஏப்ரல் மாதம்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். முடிந்த படச்சுருளைக் காரில் வைத்து நியூயார்க்கிற்குப் போய்க்கொண்டிருந்தபோது அந்தச் செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். நடுவர் அவர்களே, படம் எடுத்தவர்களின் நேர்மையைக் கேள்வி கேட்க வரிகளைச் செலவிட்ட திறனாய்வு, அந்தக் கொக்கிகளைப் பற்றியல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்? 1999ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தப் படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. இடையில் 31 ஆண்டுகள் ஓடியிருந்தன.

எதிரணிச் சகோதரி, "இத்தகைய படங்கள் நம் மரபுக்கு அந்நியமானவை, ஆகவே நம் திறனாய்வாளர் அவற்றை ஒதுக்குவது இயல்பு" என்றார். இந்த இடத்தில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனெனில் நம் மரபு அப்படிச் சொல்லவில்லை. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதாகிய மெய்ப்பாடு எட்டு என்று தொல்காப்பியர் வகுத்தபோது இளிவரலையும் அச்சத்தையும் தனித்தனியே வைத்தார். அருவருப்பு வேறு, பயம் வேறு என்று இரண்டாயிரம் ஆண்டுக்கால இலக்கண மரபு பிரித்துக் காட்டிய பிறகும், ஒரு படம் பயமுறுத்துகிறதா, வெறுமனே குமட்டச் செய்கிறதா என்று பிரித்துச் சொல்லாத மதிப்புரையை நாம் ஏன் மதிப்புரை என்று ஏற்க வேண்டும்? அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் அவர் சொன்னார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கு என்றால் பேய் போன்று வருத்தும் ஆற்றல். தம் இறை என்றால் நம்மை ஆள்பவர். இப்போது அந்தப் பண்ணைவீட்டை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் அணங்குக்கு அஞ்சியவன், காலையில் தன்னைக் காக்க வந்த இறையின் கையால் சாகிறான். முதல் அச்சத்திலிருந்து நான்காம் அச்சத்துக்கு அந்தப் படம் நடந்து போகிறது. தமிழ் படித்த ஒருவர் அதை எழுதியிருந்தால் உலகத் திறனாய்வுக்கே அது ஒரு கொடையாக இருந்திருக்கும்.

இன்னொரு படத்தைச் சொல்கிறேன். 1974இல் டோபி ஹூப்பர் இயக்கி வெளிவந்த 'த டெக்சஸ் செயின் சா மாசக்கர்'. ஐந்து இளையர்கள் ஒரு வேனில் போகிறார்கள், கொளுத்தும் கோடை, எரிபொருள் கிடைக்கவில்லை, வழியில் நரமாமிசம் தின்னும் குடும்பத்திடம் சிக்கிக்கொள்கிறார்கள். நமக்கு இது என்ன புதுக் கதையா? நீரற்ற நிலம், உச்சி வெயில், வழிப்போக்கர், அவர்களை மறித்துக் கொல்லும் ஆறலைகள்வர், உண்பதற்குப் பிணத்தை எதிர்பார்த்திருக்கும் பருந்து. பாலைத்திணையின் முதற்பொருளும் கருப்பொருளும் அந்த நெடுஞ்சாலையில் இருக்கின்றன.

தலைப்பிலேயே இரம்பமும் படுகொலையும் இருப்பதால் அந்தப் படத்தில் இரத்தம் ஆறாக ஓடுகிறது என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் மிகக் குறைந்த இரத்தமே திரையில் தெரிகிறது. சிறுவர்கள் பெற்றோரோடு பார்க்கக்கூடிய வகைப்பாடு கிடைக்கும் என்று நம்பி இயக்குநர் அதைக் குறைத்தே எடுத்தார். கொலைகாரன் ஒரு பெண்ணைத் தூக்கி இறைச்சிக் கொக்கியில் மாட்டும் காட்சியைப் பார்த்தவர்கள், கொக்கி முதுகில் இறங்குவதைக் கண்டதாகச் சத்தியம் செய்வார்கள். அது திரையில் இல்லை. அவள் முகம் இருக்கிறது, கீழே ஒரு வாளி இருக்கிறது. மற்றதைப் பார்ப்பவரின் மனமே வரைந்துகொள்கிறது. பிரிட்டனின் தணிக்கைக் குழு 1975இல் இந்தப் படத்துக்குச் சான்றிதழ் மறுத்தது. சில காட்சிகளை வெட்டிவிட்டு வெளியிடலாமா என்றும் பின்னர் முயன்று பார்த்தார்கள். வெட்டியும் படத்தின் அச்சம் குறையவில்லை. அந்த அச்சம் ஏதோ ஒரு காட்சியில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, படம் முழுவதும் பரவியிருந்தது. 1999இல் ஒரு வெட்டும் இன்றி அனுமதித்தார்கள். கத்தரிக்கோல் பிடித்தவர்களே இந்த நுட்பத்தைக் கண்டுகொண்டபோது, 'நோய்பிடித்த குப்பை' என்ற பொருளில் எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிய இதழாளரைப் பொறுப்பான எச்சரிக்கையாளர் என்று நான் எப்படி அழைப்பேன்?

கொடூரத்தை விரிவாகச் சொல்வதே கலைக்கு இழுக்கு என்றால், நாம் செயங்கொண்டாரை என்ன செய்வது? கலிங்கத்துப் போர்க்களத்தில் பேய்கள் யானையின் கொம்பைப் பல்குச்சியாக்கிப் பல் துலக்குகின்றன. அதன் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. பிறகு கொல்லப்பட்டுக் கிடப்போரின் உடலைக் கொண்டு கூழ் அடுகின்றன. அதைப் பாடியவரின் நேர்மையை எவரும் ஐயுறவில்லை. கூழ் அடும் பேய்களின் பசியைக் காட்டித்தான் அந்தப் போர் எத்தனை உயிரைக் குடித்தது என்பதை அவர் நமக்கு உணர்த்துகிறார். காரைக்காலம்மையாரும் திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் நரம்பு புடைத்த, வயிறு குழிந்த பேய்மகளைக் கூசாமல் பார்த்தார், பார்த்ததைப் பாடினார், அதன் பிறகே ஆடும் இறைவனைக் காட்டினார்.

எதிரணி தன் வலிமையான சாட்சியாக அமெரிக்கத் திரைத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட்டை அழைத்தது. 1969 சனவரியில் அவர் எழுதிய கட்டுரையில், ரொமேரோவின் படம் ஓடிய பகற்காட்சியில் பிள்ளைகள் உறைந்துபோய் உட்கார்ந்திருந்ததையும், ஒன்பது வயதிருக்கக்கூடிய ஒரு சிறுமி அசையாமல் அழுதுகொண்டிருந்ததையும் எழுதினார். அந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் அதில் யாரைக் குற்றஞ்சாட்டினார் என்று பாருங்கள். பெரியவர்களுக்கான படத்துக்குச் சிறுவர்களை உள்ளே விட்டவர்களை, விசாரிக்காமல் அனுப்பிய பெற்றோரைத்தான் அவர் கேட்டார். அமெரிக்காவின் வயது வகைப்பாட்டு முறை 1968 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. படம் அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பே வெளிவந்துவிட்டது. அந்தச் சிறுமி அழுததற்குக் காரணம் வாசலில் காவல் இல்லாமை.

நம் சிங்கப்பூரில் அந்தக் காவல் இருக்கிறது. 1991ஆம் ஆண்டு முதல் திரைப்படங்களுக்கு இங்கே வயது வகைப்பாடு உண்டு. 2004இல் பதினெட்டு வயது நிறைந்தோருக்கான எம்18, இருபத்தொரு வயது நிறைந்தோருக்கான ஆர்21 ஆகிய பிரிவுகள் வந்தன. இன்று தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு படத்துக்கும் உரிய பிரிவை அறிவிக்கிறது. திரையரங்கில் இளையரிடம் அடையாள அட்டையைக் கேட்கிறார்கள். பதினாறு வயது மகளை என்சி16 படத்துக்கு அழைத்துச் சென்றபோது, அவள் பிறந்த தேதியை ஊழியர் கவனமாகப் பார்த்த பிறகே எங்களை உள்ளே விட்டார். எனக்கு அது மகிழ்ச்சியாக இருந்தது. இந்த ஏற்பாடு இருக்கும்போது, திறனாய்வாளர் இரண்டாவது காவலராக வாசலில் வந்து நிற்க வேண்டிய தேவை என்ன? உள்ளே போய் இருக்கையில் அமர்ந்து, பெரியவர்களுக்குப் பெரியவராகப் பேச அவருக்கு உரிமை கிடைத்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் இன்னமும் "பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள்" என்று எழுதுவது, பிள்ளைகள் பார்க்கவே முடியாத படத்தின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் தம்பி, "கல்லடி பட்டவையெல்லாம் மாணிக்கம் ஆகவில்லையே" என்று கேட்டார். ஆகவில்லை, உண்மைதான். 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' என்ற 1980ஆம் ஆண்டு இத்தாலியப் படத்தை நான் ஆதரிக்கமாட்டேன். நடிகர்களை மெய்யாகவே கொன்றுவிட்டார் என்ற ஐயத்தில் அதன் இயக்குநர் மேல் வழக்கு வந்தது. அவர்கள் உயிரோடிருப்பதை அவர் காட்ட வேண்டியதாயிற்று. மனிதக் கொலை நடிப்பு. ஆனால் படத்தில் ஓர் ஆமையும் வேறு விலங்குகளும் மெய்யாகவே கொல்லப்பட்டன. எது வேடம், எது உண்மையான கொடுமை என்று பிரித்தறிந்து இரண்டாவதைக் கண்டிப்பவரே எனக்கு வேண்டிய திறனாய்வாளர். அதற்கும் கண்ணைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று. டேமியன் லியோன் என்பவர் ஏறக்குறைய 250,000 டாலரில் எடுத்த 'டெரிஃபையர் 2' என்ற படம் 2022இல் வெளிவந்தது. அவர் ஒப்பனைக் கலைஞரும்கூட. கோமாளி வேடக் கொலைகாரன் செய்யும் கோரங்களைக் கைவேலையாகவே உருவாக்கினார். பார்த்தவர்கள் மயங்கி விழுந்தார்கள், வாந்தி எடுத்தார்கள் என்று உலகம் முழுவதும் செய்தி வந்தது. மயங்கியவர்களைப் பற்றி எத்தனையோ படித்தேன். படத்தைப் பற்றிப் படித்தது சொற்பம். அந்தப் படத்தின் மேல் எனக்கே குறை உண்டு. 138 நிமிடம் அந்தக் கதைக்கு அதிகம். பெண்ணின் உடல் சிதையும் ஒரு காட்சியில், அச்சம் தீர்ந்து இளிவரல் மட்டும் மிஞ்சிய பின்னும் கேமரா அங்கேயே நிற்கிறது. இப்படிக் குறை சொன்னால் லியோன் அடுத்த படத்தில் அதைப் பற்றி யோசிக்க முடியும். "இதை எடுத்தவனுக்கு மனநோய்" என்றால் அவர் எதை யோசிப்பார்?

இனி நான் ஏன் இந்த அணியில் பேச விரும்பிக் கேட்டு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அக்காள் மகன் தேசிய சேவையை முடித்த கையோடு, இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஜூரோங் வெஸ்ட்டில் உள்ள அவர்களுடைய நான்கறை வீட்டில் 22 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தான். பண்டுங் பானத்தில் கலக்கும் ரோஸ் சிரப்போடு சோளமாவும் கொஞ்சம் கொக்கோத் தூளும் சேர்த்து இரத்தம் காய்ச்சினார்கள். அக்காள் அடுப்படித் தரையை எத்தனை முறை துடைத்தும் மூன்று நாளுக்கு எறும்பு ஓயவில்லை. படத்தின் கதை இது: கணவனிடம் பல ஆண்டு அடிபட்டு வாழ்ந்த ஒரு பெண், அவன் செத்த பின்னும் வீட்டுக்குத் திரும்பி வந்து அடிக்க, அரிவாள்மணையை எடுக்கிறாள். கொடூரமான படம், நானே இரண்டு இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதைச் சிறிய அரங்கு ஒன்றில் பெரியவர்களுக்கு மட்டும் திரையிட்டார்கள். மதிப்புரை எழுத ஒருவர் வந்தார். பதினெட்டாம் நிமிடத்தில் எழுந்து போனார். எனக்கு முன்வரிசையில் இருந்தவர் என்பதால் நான் கண்ணால் பார்த்தேன். மறுவாரம் அவர் எழுதிய பத்தியில் "காரணமற்ற வன்முறை" என்ற சொல் இரண்டு முறை வந்தது. பிள்ளையை எப்படி வளர்த்தார்கள் என்ற கேள்வியும் வந்தது. அதை என் அக்காள் படித்தார்.

அந்த மதிப்புரையாளர் பார்க்காத கடைசி நான்கு நிமிடங்களில் ஒரு துளி இரத்தம் கிடையாது. விடிந்திருக்கிறது. அந்தப் பெண் தரையைக் கழுவித் துடைத்துவிட்டு, குப்பைப் பையோடு மின்தூக்கியில் ஏறுகிறாள். உள்ளே பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் நிற்கிறார்கள். பத்தாம் மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை ஒருவரும் அவளை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒருவர் கைப்பேசியைப் பார்க்கிறார், ஒருவர் மாடி எண்களைப் பார்க்கிறார், ஒருவர் தம் செருப்பைப் பார்க்கிறார். பல ஆண்டுகளாகச் சுவருக்கு அப்பால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள் என்பது அப்போதுதான் நமக்குப் புரிகிறது. அந்த வன்முறைக்குக் காரணம் அந்த மின்தூக்கியில் நின்றுகொண்டிருந்தது, நடுவர் அவர்களே. அதைப் பார்க்க மதிப்புரை எழுதியவர் அரங்கில் இருக்கவில்லை.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லி அமர்கிறேன். 1960இல் மைக்கேல் பவல் என்ற பிரிட்டிஷ் இயக்குநர், தாமே தயாரித்து இயக்கிய 'பீப்பிங் டாம்' என்ற படத்தை வெளியிட்டார். பெண்களைக் கொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் பயத்தைப் படம்பிடிக்கும் ஒளிப்பதிவாளனின் கதை. லண்டன் பத்திரிகைகள் கொதித்தன. மண்வாரியால் அள்ளிச் சாக்கடையில் தள்ளவேண்டும் என்று ஒருவர் எழுதினார். அதுவரை நாட்டின் தலைசிறந்த இயக்குநர்களுள் ஒருவராக இருந்த பவலுக்குச் சொந்த நாட்டில் வாய்ப்புகள் வற்றிப்போயின. அன்று அந்தப் படத்தைக் கடுமையாகச் சாடியவர்களுள் ஒருவர் 'சண்டே டைம்ஸ்' இதழின் டிலிஸ் பவல். பெயர் ஒற்றுமையே தவிர உறவில்லை. 1994இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், அவர் அந்தப் படத்தைப் பற்றி அதே இதழில் மீண்டும் எழுதினார். அது ஒரு தலைசிறந்த படைப்பு என்று இப்போது உணர்கிறேன், மறுமையில் பேசிக்கொள்ள இடமிருந்தால் மைக்கேல் பவலைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பது என் கடமை என்ற பொருள்பட எழுதினார். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் மைக்கேல் பவல் 1990இலேயே இறந்துவிட்டார்.

என் அக்காள் மகனுக்கு இப்போது 24 வயது. தீர்ப்பை எங்கள் பக்கம் வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.